மூணு மாசக் கணக்கைச் சொல்லும் ரத்தம்!

"டாக்டர், நாலு நாளா காபிக்குக்கூட சர்க்கரை போட்டுக்கலை. ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்தி. நேத்து பிள்ளையார் கோயில்ல கொடுத்த சுண்டலைக்கூட கையால தொடலை. ரிப்போர்ட்டைப் பாருங்க, அசந்து போயிடுவீங்க!"

ரிட்டயர்டு தாசில்தார் அவர். கவரை நீட்டும்போதே முகத்தில் பரீட்சையில் பாஸான பையனின் பெருமை. பிரித்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 118. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து 162. சர்க்கரை நோயாளிக்கு இது நல்ல கணக்குதான். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஹெச்பி ஏ1சி: 8.6 சதவிகிதம்.

"இது என்ன சார் எட்டு புள்ளி ஆறு? லேப்ல தப்பா அடிச்சிட்டாங்களோ?"

அவர் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "லேப்ல தப்பா அடிக்கலை டாக்டர். போன மாசம் என் தம்பி பொண்ணு கல்யாணம். அதுக்கு முன்னால தீபாவளி. பாதுஷா டப்பா ராத்திரியோட ராத்திரியா எப்படிக் காலியாச்சுன்னு எனக்குத் தெரியாதா? மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டதே இந்த நாலு நாளாத்தான்!"

மனிதர் பேசவே இல்லை.

பல வீடுகளில் நடக்கிற நாடகம்தான் இது. டெஸ்டுக்கு நாலு நாள் முன்னால் விரதம், டெஸ்ட் முடிந்த அன்றைக்கே ஓட்டலில் நெய் ரோஸ்ட். வெறும் வயிற்றுச் சர்க்கரையை இப்படி ஏமாற்றிவிடலாம். ஏனென்றால் அது ஊசி குத்திய அந்த நிமிஷத்து நிலவரத்தை மட்டும்தான் சொல்லும். லேப் கவுன்ட்டரில் 'மூணு மாச டெஸ்ட்' என்று சொல்கிறார்களே, அந்த ஹெச்பி ஏ1சி மட்டும் நாலு நாள் விரதத்துக்கு மசியாது. ஏன் என்று தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டு ரிப்போர்ட்டை நீங்களே பாதி புரிந்துகொள்ளலாம்.

எறும்பிலிருந்து ஆரம்பம்

உடம்புக்குள்ளே நடப்பதை நேராகப் பார்க்க முடியாதபோது, வெளியே தெரிகிற ஏதோ ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு ஊகிப்பதுதான் வைத்தியம். காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்க்கிற நெற்றி ஓர் அடையாளம். மாரடைப்பில் இதயத் தசை சேதமாகும்போது ரத்தத்தில் கசிகிற ட்ரோபோனின் ஓர் அடையாளம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டிக் கொடுக்கிற கிரியேட்டினின் இன்னொன்று. 'பயோமார்க்கர்' என்று இன்றைக்குப் பெரிய பெயர் வைத்து அழைப்பது இதைத்தான்.

சர்க்கரை நோய்க்கு முதலில் கிடைத்த அடையாளம், எறும்பு! சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துத்தான் நம் முன்னோர் மதுமேகம் என்று பெயர் வைத்தார்கள். 1776-ல் இங்கிலாந்து டாக்டர் மாத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் தங்கியது சர்க்கரை என்று காட்டினார். அதன் பிறகு வெகுகாலம் சிறுநீரைச் சோதிப்பதுதான் வழக்கம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டெஸ்ட் ட்யூபில் நீல மருந்தோடு சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சி, பச்சையா, மஞ்சளா, செங்கல் நிறமா என்று பார்த்த காலத்தைச் சொல்வார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் பொதுவாக அது சிறுநீரில் இறங்கும். அதனால் 170-ல் இருப்பவருக்கு அந்தச் சோதனை "உனக்கு ஒண்ணுமில்லே" என்று சொல்லி அனுப்பிவிடும்.

தோசை சிவக்கிற கதைதான்

நம் ரத்தத்தைச் சிவப்பாக்குவது ஹீமோகுளோபின் என்ற புரதம். அது இருப்பது சிவப்பணுக்களுக்குள்ளே. எலும்பு மஜ்ஜையில் பிறக்கிற ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உடம்பைச் சுற்றி வந்துவிட்டு மடிகிறது. அந்த 120 நாளும் அது மிதப்பது ரத்தத்தில்தானே? ரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸ் அணுவுக்குள்ளும் புகுந்து ஹீமோகுளோபினின் ஒரு நுனியில் ஒட்டிக்கொள்கிறது. யாரும் ஒட்டவைப்பதில்லை, அதுவாகவே மெதுவாக ஒட்டுகிறது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் அதிக ஹீமோகுளோபினில் ஒட்டும், குறைவாக இருந்தால் குறைவாக. முதலில் லேசாக ஒட்டுவது பிரிந்துவிடலாம். கெட்டியாக ஒட்டிய பிறகு, அந்த அணு சாகிற வரைக்கும் அது போகாது.

இதைச் சமையலறையில் தினம் பார்க்கிறீர்கள். தோசைக்கல்லில் மாவு முறுகிச் சிவக்கிறதே, அதுவும் சர்க்கரையும் புரதமும் சேர்கிற வேலைதான். 1912-ல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த மாற்றத்தை விவரித்தார். கல்லில் சில நிமிஷத்தில் நடப்பதன் முதல் படி, நம் உடம்புச் சூட்டில் வாரக்கணக்காக நடக்கிறது. சிவந்த தோசை மறுபடி வெளுக்காது இல்லையா?

சர்க்கரை ஒட்டிய இந்த ஹீமோகுளோபினுக்குத்தான் ஹெச்பி ஏ1சி என்று பெயர். மொத்த ஹீமோகுளோபினில் இது எத்தனை சதவிகிதம் என்பதைத்தான் லேப்காரர்கள் அளந்து கொடுக்கிறார்கள். தாசில்தாரின் 8.6 என்பது, ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 200 அளவில் இருந்துவந்ததற்குச் சமம். நாலு நாள் விரதம் எங்கே, நாலு மாசம் வாழ்ந்த அணு எங்கே!

ஒரு சின்ன திருத்தம். 'மூணு மாச ஆவரேஜ்' என்கிறோமே தவிர, மூன்று மாசத்துக்கும் ஒரே எடை கிடையாது. கடைசி ஒரு மாசத்தின் பங்கு மட்டுமே ஏறக்குறைய பாதி. அதற்கு முந்தின மாசம் கால் பங்கு. மிச்சக் கால் பங்குதான் அதற்கும் முந்தைய நாட்களுக்கு. அதாவது தாசில்தார் கணக்கில் தீபாவளியைவிடக் கல்யாண வீட்டுப் பந்திக்குத்தான் பொறுப்பு அதிகம்.

டெஹ்ரானில் கிடைத்த தடயம்

இதைக் கண்டுபிடித்தவர் சர்க்கரை நோய் நிபுணர் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஈரானின் டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ராபார் என்ற டாக்டர், பரம்பரையாக வருகிற விநோத ஹீமோகுளோபின்களைத் தேடி, நோயாளிகளின் ரத்தத்தை மின்சாரம் செலுத்திப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலருடைய ரத்தத்தில் மட்டும் வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டை தெரிந்தது. யார் இவர்கள் என்று விசாரித்தால், சர்க்கரை நோயாளிகள்! மேலும் பல சர்க்கரை நோயாளிகளைச் சோதித்து 1968-ல் எழுதி வெளியிட்டார். அந்தப் பட்டையில் இருந்தது புதுப் பொருளும் இல்லை. 1958-லேயே அமெரிக்காவில் ஹீமோகுளோபினைப் பிரித்தெடுத்தவர்கள் 'ஏ1சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கும் சர்க்கரைக்கும் உள்ள சம்பந்தம்தான் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

ராபார் அதன் பிறகு நியூயார்க் போய், டாக்டர் ஹெலன் ரான்னியோடு சேர்ந்து அதை உறுதி செய்தார். 1976-ல் அங்கேயே கீனிக், செராமி முதலானோர் ஐந்து நோயாளிகளை ஆஸ்பத்திரியில் வைத்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கட்டுப்படுத்த ஏ1சியும் இறங்குவதைக் காட்டினார்கள். வெறும் ஐந்தே பேர்! இன்றைக்கு உலகம் முழுக்க இந்த டெஸ்ட் நடக்கிறது.

'இறங்கினால் நல்லதா?' என்ற கேள்விக்குப் பதில் 1993-ல்தான் கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் போட்டே தீர வேண்டிய வகை சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரைச் சராசரியாக ஆறரை வருஷம் கவனித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம், அவர்கள் ஏ1சி 9 பக்கம். மறு பாதிக்குக் கண்டிப்பான வைத்தியம், 7 பக்கம். கண்ணில் கோளாறு இல்லாமல் ஆராய்ச்சிக்கு வந்தவர்களில், கண்டிப்பான வைத்தியம் பெற்றவர்களுக்கு விழித்திரை பாதிப்பு வருகிற வாய்ப்பு 76 சதவிகிதம் குறைந்திருந்தது. சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும்கூட நல்ல பலன். நடுத்தர வயதில் வருகிற நம்மூர் வகைக்கும் கண், சிறுநீரக விஷயத்தில் இது பொருந்தும் என்று 1998-ல் இங்கிலாந்து ஆராய்ச்சி சொன்னது. டாக்டர்கள் '7, 7' என்று ஏன் உயிரை வாங்குகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

எண்களைப் படிப்பது எப்படி?

5.7-க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 5.7 முதல் 6.4 வரை, சர்க்கரை நோயின் வாசற்படி. 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். அமெரிக்க நீரிழிவு சங்கம் 2010-ல் சொன்ன கணக்கு இது. 6.5 என்ற எல்லையை 2011-ல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவது மாதிரி அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு தடவை 6.5 வந்ததை வைத்து முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு டெஸ்டும் அதையே சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் சராசரியாக மாற்றிப் பார்க்கலாம். 6 என்றால் 126. 7 என்றால் 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. ஒவ்வொரு புள்ளிக்கும் கிட்டத்தட்ட 29 கூடுகிறது.

சரி, இத்தனை நம்பகமான டெஸ்டா என்றால்... இங்கேதான் ஒரு 'ஆனால்' போட வேண்டியிருக்கிறது. ஏ1சி பொய் சொல்லாது. ஆனால் சில உடம்புகளில் அதன் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது.

சோகையா, சர்க்கரையா?

நாற்பத்திரண்டு வயதுப் பெண். ஹெல்த் செக்கப் பேக்கேஜில் ஏ1சி 6.6 என்று வந்திருக்கிறது. வீட்டில் ஒரே களேபரம். கணவர் அன்றைக்கே அரிசியை நிறுத்திவிட்டார். வாழைப்பழம் கூடாது, பேரீச்சம்பழம் கூடாது, வெல்லம் கண்ணில் படக் கூடாது. என்னிடம் வந்தபோது ரெண்டு மாசமாக அரை வயிறு சாப்பாடு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "சர்க்கரைதான் டாக்டர் இப்படித் தள்ளுது" என்றார் கணவர்.

இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. மாதவிலக்கு பற்றிக் கேட்டால், "ஒரு வருஷமா ரொம்பப் படுதுங்க... இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தானேன்னு விட்டுட்டேன்" என்றார். ஹீமோகுளோபின் 8.4. வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. குளுக்கோஸ் குடித்து ரெண்டு மணி நேரம் கழித்து 128. ரெண்டுமே சுத்தமான நார்மல்!

நடந்தது இதுதான். இரும்புச் சத்து இல்லாவிட்டால் புதுச் சிவப்பணு உற்பத்தி மந்தமாகும். ரத்தத்தில் வயசான அணுக்களின் பங்கு கூடிவிடும். அவற்றில் சர்க்கரை ஒட்டியிருப்பது இயல்பாகவே அதிகம். ஆக, சர்க்கரை ஏறாமலே ஏ1சி கொஞ்சம் ஏறிக் காட்டும். அவருக்கு இரும்பு மாத்திரையும், ரத்தப்போக்குக்கு மகளிர் டாக்டரின் வைத்தியமும் ஆரம்பித்து, மறுபடி முழுச் சாப்பாடு போடச் சொன்னேன். ஐந்து மாசம் கழித்து ஹீமோகுளோபின் 11.8, ஏ1சி 5.8. வாசற்படியில் கால் வைத்திருப்பதால் வருஷா வருஷம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ரெண்டு மாசம் அவரைப் பட்டினி போட்டது சர்க்கரை இல்லை, ஒரு காகிதம்!

இதை நான் விஸ்தாரமாகச் சொல்லக் காரணம் உண்டு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. வெள்ளைக்காரர் நாட்டில் வகுத்த கணக்கை, இங்கே ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்வது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். ஏ1சி எடுக்கும்போது ஹீமோகுளோபினும் சேர்த்து எடுங்கள். அதே ரத்தம்தான், தனியாக இன்னொரு ஊசி வேண்டாம்.

இதற்கு நேர் எதிராக, ஏ1சி குறைத்துக் காட்டுகிற நிலைமைகளும் உண்டு. சிவப்பணு சீக்கிரமே உடைகிற நோய்கள், சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டது, டயாலிசிஸில் இருந்துகொண்டு ரத்தம் ஊறுவதற்கான ஊசி போட்டுக்கொள்வது போன்றவை. இவர்களுடைய அணுக்கள் இளசு, சர்க்கரை ஒட்ட நேரமே கிடைப்பதில்லை. உள்ளே 200 ஓடினாலும் வெளியே 6.5 என்று தேன் தடவிச் சொல்லும். பரம்பரை ஹீமோகுளோபின் கோளாறு உள்ளவர்களுக்கும் கணக்கு தப்பலாம்.

கர்ப்பிணிகளுக்கும் ஏ1சி இறங்கும். மசக்கை, வளைகாப்பு சமயத்தில் "ஏ1சி 5.4 தானே, கவலை இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்ப காலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தைப் பார்ப்பதுதான் வழி. 140-உம் அதற்கு மேலும் என்றால் கவனம் தேவை. சாப்பிட்டுவிட்டு வந்த கர்ப்பிணிக்கும் இதைச் செய்யலாம் என்கிற முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனதில் பெரிய பங்கு நம் சென்னை டாக்டர் வி.சேஷய்யாவுக்கு. வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து வர முடியாத கிராமத்துப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்!

குறைந்தால் மட்டும் போதுமா?

இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்னிடம் பல வருஷமாக வந்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எழுபத்தாறு வயது. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். தனி ஆள். ஆனாலும் ஏ1சி 5.8! "இந்த வயசுல இப்படி வெச்சிருக்கீங்களே, மத்தவங்களுக்கு நீங்கதான் சார் பாடம்" என்று முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டி, அதே மாத்திரைகளை எழுதி அனுப்பினேன். மூன்றே வாரம். விடியற்காலையில் பாத்ரூமில் விழுந்து கிடந்தவரைப் பால்காரர்தான் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் எடுத்தபோது சர்க்கரை 41. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ராத்திரி தனக்குச் சமைக்கச் சோம்பல்பட்டு ரெண்டு பிஸ்கட்டோடு படுத்துவிடுகிற வழக்கத்தை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 5.8 என்ற எண் எங்கள் ரெண்டு பேர் வாயையும் மூடிவிட்டது. விடிகாலைகளில் 50, பகலில் 190 என்று ஊஞ்சலாடினாலும் சராசரி அழகாகத்தான் வரும். சராசரிக்கு ஊஞ்சல் தெரியாது.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி ஒன்றில், இதய நோய் ஆபத்து அதிகமுள்ள சர்க்கரை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு ஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவரக் கடுமையாக மருந்து கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் இறப்பு அதிகமாகிக்கொண்டு போனது. 257 பேர் இறந்திருந்தார்கள், மற்றப் பிரிவில் 203. 2008 பிப்ரவரியில் அந்தக் கடும் வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அடையாளம் நன்றாக இறங்கியது, ஆனால் நோயாளிகளுக்கு அது ஆகவில்லை.

அதனால்தான் இன்றைக்கு எல்லாருக்கும் ஒரே இலக்கு வைப்பதில்லை. நடுத்தர வயது, வேறு நோய் இல்லை என்றால் 7-க்குக் கீழே. வயதாகி, பல நோய்களோடு, தனியாக இருக்கிறவருக்கு 8 வரைக்கும் விட்டுவிடலாம். "எதிர்வீட்டு மாமாவுக்கு 6.2 தான், உங்களுக்கு மட்டும் ஏன் 7.8?" என்று வீட்டுப் பெரியவர்களைத் துளைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, விடியற்காலையில் வியர்க்கிறதா, கை நடுங்குகிறதா, கெட்ட கனவு கண்டு எழுந்திருக்கிறார்களா, ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். வாத்தியார் இப்போது கைத்தடியோடு வருகிறார். மாத்திரையில் ஒன்றை நிறுத்தி, இன்னொன்றை மாற்றிவிட்டேன். ஏ1சி 7.6. இருவருக்கும் திருப்தி.

லேபுக்குப் போகும்போது

ஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை. எந்த நேரத்திலும் கொடுக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும். மருந்து மாற்றியிருந்தாலோ, கட்டுக்குள் வரவில்லை என்றாலோ மூன்று மாசத்துக்கு ஒரு தடவை. மாசா மாசம் எடுப்பது காசுக்குக் கேடு, பழைய அணுக்கள் இன்னும் அப்படியேதான் இருக்கும். விரல் நுனியில் குத்தி உடனே சொல்கிற சின்ன மெஷினை வைத்து நோய் இருக்கிறதா என்று புதிதாகத் தீர்மானிக்க வேண்டாம். அதற்கு லேப் டெஸ்ட்தான். முடிந்த வரைக்கும் ஒரே லேபில் எடுங்கள். 7.1, 7.3 என்று வருகிற சின்ன வித்தியாசத்துக்குக் குதிக்கவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். அந்த அளவு தள்ளாட்டம் டெஸ்டிலேயே உண்டு.

வீட்டில் எடுக்கிற குளுக்கோமீட்டர் கணக்கும் ஏ1சியும் ஒத்துப்போகவே இல்லை என்றால், ரெண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சோகை, சிறுநீரகம், ரத்தம் ஏற்றிக்கொண்டது எல்லாவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள். அவசியப்பட்டால், கடைசி ரெண்டு மூணு வாரக் கணக்கைச் சொல்கிற ஃப்ரக்டோசமின் மாதிரி வேறு டெஸ்டுகள் இருக்கின்றன.

தாசில்தார் போன வாரம் வந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர் எழுந்திருக்கும்போது, "அப்போ டாக்டர், கடைசி ஒரு மாசத்துக்குத்தான் பாதி மார்க்குன்னு சொல்றீங்க... அந்த ஒரு மாசம் மட்டும் கறாரா இருந்தா..." என்று இழுத்தார்.

மனைவி பதில் சொல்லிவிட்டார். "அடுத்த டெஸ்ட் என்னிக்குன்னு இவர்கிட்ட சொல்லாதீங்க டாக்டர். நானே ஒரு நாள் காலங்கார்த்தால கூட்டிட்டு வரேன்!"